47 கிலோ ஓமும் பெரியப்பாவின் காதும்

முதல்லயே சொல்லிடறேன். "டிஜிட்டல் எல்லாம் வேஸ்ட், ரெக்கார்டுதான் ஒரிஜினல்"னு உங்களை மதம் மாத்த நான் வரலை. ஹாஸ்டல்ல நானும் சாதாரண இயர்போன்லதான் பாட்டு கேக்கறேன். ஆனா நீங்க ஈசிஇ-யோ ட்ரிபிள்இ-யோ படிச்சா, ரெண்டாவது செமஸ்டர்ல மனப்பாடம் பண்ணி எழுதின ரெசனன்ஸ் ஃபார்முலாவை ஒரு வீட்டு ஹால்ல உக்காந்து காதால கேக்கலாம். அதைப் பத்திதான் இந்தக் கட்டுரை. கூடவே, பெரியப்பாவோட 140 ரெக்கார்டு கை மாறிப் போகாம நின்ன கதையும்.

ரெக்கார்டு பிளேயரை மொபைல்ல மட்டும் பாத்தவங்களுக்காக ரெண்டு வரி. தட்டுல இருக்கற பள்ளத்துல ஊசி ஓடும்போது அது ஆடுது. ஊசியோட இன்னொரு முனையில ஒரு குட்டி காந்தம். காந்தம் ஆட ஆட பக்கத்துல இருக்கற காயில்ல வோல்டேஜ் வருது. ஃபாரடே விதி, அவ்வளவுதான். இந்த மொத்த அமைப்புக்குப் பேருதான் கார்ட்ரிட்ஜ். காந்தம் ஆடுறதால இந்த வகையை மூவிங் மேக்னட்னு சொல்லுவாங்க.

பிரச்சனை என்னன்னா, வர்ற வோல்டேஜ் ரொம்பக் கொஞ்சம். பெரியப்பா வீட்டுல இருக்கறது ஆடியோ-டெக்னிக்கா விஎம்95இ. அதோட ஸ்பெக் 4 மில்லிவோல்ட். சாதாரண சிடி பிளேயர் 2 வோல்ட் கொடுக்கும், அதாவது 500 மடங்கு. அதனால நடுவுல ஃபோனோ ப்ரீஆம்ப்னு ஒண்ணு வேணும். பழைய ஆம்ப்ளிஃபயர்ல பின்னாடி 'ஃபோனோ'ன்னு எழுதி ஒரு ஜோடி சாக்கெட் இருக்குமே, அதுக்குள்ள இருக்கறதும் இதேதான்.

ப்ரீஆம்ப்புக்கு வேலை ரெண்டுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஒண்ணு, பெருக்கறது: மூவிங் மேக்னட்டுக்கு சுமார் 40 டெசிபல், அதாவது 100 மடங்கு. ரெண்டாவது, ஆர்ஐஏஏ ஈக்வலைசேஷன். ரெக்கார்டு வெட்டும்போதே பேஸைக் குறைச்சு, ட்ரெபிளை ஏத்தித்தான் வெட்டுவாங்க. பேஸை அப்படியே வெட்டினா பள்ளம் அகலமா ஆடி பக்கத்துப் பள்ளத்துல போய் இடிக்கும். ஒரு பக்கத்துல பாதிப் பாட்டுகூட அடங்காது. ட்ரெபிளை ஏத்தறது எதுக்குன்னா, திரும்ப இறக்கும்போது தட்டோட இரைச்சலும் சேந்து இறங்கும். ஆரம்பத்துல ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வளைகோடு வெச்சிருந்தது. 1954-ல அமெரிக்காவுல ஆர்ஐஏஏ ஒரே வளைகோட்டை ஏத்துக்கிச்சு. 3180, 318, 75 மைக்ரோசெகண்ட்னு மூணு டைம் கான்ஸ்டன்ட். ஒண்ணு பை டூ பை ஆர்சி போட்டுப் பாருங்க, 50, 500, 2122 ஹெர்ட்ஸ்னு வரும். கேக்கும்போது 20 ஹெர்ட்ஸை 19 டெசிபல் தூக்கணும், 20 கிலோஹெர்ட்ஸைக் கிட்டத்தட்ட 20 டெசிபல் இறக்கணும். ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் நடுவுல கிட்டத்தட்ட 90 மடங்கு வித்தியாசம்! ரெண்டு ஆப்ஆம்ப்பும் நாலஞ்சு கெப்பாசிட்டரும் இதைச் செஞ்சிடுதுங்கறது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

மூணாவதா ஒரு வேலை இருக்கு. அதை யாரும் வேலைன்னே நினைக்கறதில்ல. ப்ரீஆம்ப் கார்ட்ரிட்ஜுக்கு லோடா இருக்கணும். 47 கிலோ ஓம், அதுக்குப் பக்கத்துல இத்தனை பிகோஃபாரட். ரெசிஸ்டன்ஸ் உலகம் பூரா ஒண்ணுதான், அதனால அதுல தொல்லை கிடையாது. பிகோஃபாரட்லதான் எல்லா வினையும்.

இப்ப பெரியப்பா. மின்வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவர், வயசு 66. 80-கள்ல பர்மா பஜார்ல வாங்கின ஜப்பான் ஆம்ப்ளிஃபயர் இன்னும் ஓடுது. டர்ன்டேபிள்ல ரொம்ப வருஷமா ஒரு ஷூர் கார்ட்ரிட்ஜ்தான் இருந்தது. ஷூர் 2018-ல கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. ஊசி தேஞ்சதும் ஒரிஜினல் ஊசி கிடைக்கலை. அதனால போன வருஷம் விஎம்95இ வாங்கி மாட்டினார். நல்ல கார்ட்ரிட்ஜ், குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அன்னிலேருந்து சுசீலா அம்மா குரல்ல 'ச', 'ஷ' வர்ற இடமெல்லாம் காதுல குத்துதுன்னார். வயலின் கிறீச்சுன்னு இருக்கு, ஜால்ரா தகரம் மாதிரி இருக்குன்னார்.

ஒரு ஆடியோ கடைக்குக் கொண்டு போனார். "ரெக்கார்டெல்லாம் தேஞ்சு போச்சு சார்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. வீட்டுல பெரியம்மா, "உங்களுக்குக் காது போயிடுச்சு, ரெக்கார்டைக் குத்தம் சொல்லாதீங்க"ன்னாங்க. ரெண்டுல எதுவா இருந்தாலும் முடிவு ஒண்ணுதான்னு அவர் நினைச்சார். பழைய ரெக்கார்டு வாங்கற ஒருத்தர்கிட்ட மொத்தத்தையும் கொடுக்கறதாப் பேசிட்டார். பொங்கல் கழிச்சு வந்து எடுத்துக்கறதா ஏற்பாடு. அந்த 140-ல எச்எம்வி, இன்ரெகோ, எக்கோ சினிமா ரெக்கார்டுகள் பாதி. அதெல்லாம் இன்னிக்கு எந்த ஆப்லயும் கிடைக்கும். மீதிப் பாதிதான் எனக்குக் கவலை. நாதஸ்வர இபி-கள், கோயில் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டு, பேரே கேள்விப்படாத பாடகர்களோட பக்திப் பாட்டு. அதுல சிலதை நான் நெட்ல தேடித் தேடிப் பாத்தேன், கிடைக்கவே இல்லை.

"காது போனவனுக்கு எதுக்கும்மா ரெக்கார்டு?"ன்னு அவர் சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கலை.

பொங்கல் லீவுல நாலு நாள் இருந்தது. ரெக்கார்டு தேஞ்சிருக்கா, காது தேஞ்சிருக்கா, இல்ல வேற ஏதாவதா? மூணையும் தனித்தனியாப் பிரிச்சுப் பாக்கணும்.

தேஞ்ச ரெக்கார்டுக்கு ஒரு குணம் உண்டு. எல்பி-யோட வெளி ஓரத்துல ஊசி நொடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர் வேகத்துல பள்ளத்தைக் கடக்குது. உள்ள லேபிள் பக்கம் வரும்போது அது 21 சென்டிமீட்டர். தட்டு சுத்தற வேகம் மாறலை, ஆரம்தான் குறையுது. அதனால உள் பக்கத்துல அதே ட்ரெபிள் சின்ன இடத்துல நெருக்கி எழுதியிருக்கும். தேய்மானத்தோட கரகரப்பு அங்கதான் மோசமாத் தெரியும். பெரியப்பாவோட ரெக்கார்டுகள்ல முதல் பாட்டுலயும் கடைசிப் பாட்டுலயும் ஒரே மாதிரி குத்திச்சு. இன்னொண்ணு, அக்கா போன மாசம் வாங்கிக் கொடுத்த புத்தம்புது ரெக்கார்டுலயும் அதே குத்தல். அதோட அந்தக் கடைக்காரர் வாதம் முடிஞ்சது.

அடுத்து காது. மொபைல்ல டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, ஹெட்ஃபோன் மாட்டிப் பாத்தோம். இது டாக்டர் பண்ற டெஸ்ட் இல்லைதான், ஆனா ஒரு அந்தாஜு கிடைக்கும். 8,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் தெளிவாக் கேட்டது, 12,000 சுத்தமாக் கேக்கலை. அந்த வயசுக்கு அது சாதாரணம். பின்னாடி பெரியம்மா பிடிவாதமா காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனப்பவும் வயசுக்கேத்த குறைவுதான்னு சொன்னாங்க. இங்க ஒண்ணு கவனிங்க: ட்ரெபிள் காது குறைஞ்சவருக்கு ட்ரெபிள் மங்கலாத்தானே கேக்கணும்? இவருக்கு ஏன் குத்துது?

அப்பதான் ஆம்ப்ளிஃபயர் மேல கண்ணு போச்சு.

கார்ட்ரிட்ஜோட காயில் ஒரு இன்டக்டர். விஎம்95இ-க்கு 550 மில்லிஹென்றி, ரொம்பப் பெரிய இன்டக்டன்ஸ். அதுக்குக் குறுக்கே வர்ற கெப்பாசிட்டன்ஸ் எங்கேருந்தெல்லாம் வருதுன்னு யோசிங்க. டோன்ஆர்ம் உள்ள ஓடற ஒயர், பின்னாடி போற ஷீல்டட் கேபிள், ப்ரீஆம்ப் வாசல்ல இருக்கற கெப்பாசிட்டர். மூணும் பேரலல், அதனால கூட்டிக்கணும். இன்டக்டரும் கெப்பாசிட்டரும் சேந்தா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லவேண்டாம்.

ஆடியோ-டெக்னிக்கா இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு மொத்தமா 100-லேருந்து 200 பிகோஃபாரட் வரைக்கும்தான் வேணும்னு போட்டிருக்காங்க. பெரியப்பா வீட்டுல டர்ன்டேபிள் ஜன்னல் ஓரம், ஆம்ப்ளிஃபயர் டிவி ஸ்டாண்ட்ல. நடுவுல 2 மீட்டர் கேபிள். தெருமுனைக் கடையில வாங்கினது. அதை அப்படியே சுருட்டி பைக்குள்ள போட்டு லேப்புக்கு எடுத்துட்டு வந்தேன். எல்சிஆர் மீட்டர்ல வெச்சா 210 பிகோஃபாரட். ரெண்டு முனையும் எதுலயும் சொருகாம அளக்கணும், இல்லேன்னா சர்க்யூட்டையும் சேத்து அளந்துடுவீங்க. ஆம்ப்ளிஃபயரைத் திறந்து பாத்தா ஃபோனோ வாசல்ல ஒவ்வொரு சேனலுக்கும் 220 பிகோஃபாரட். டோன்ஆர்ம் ஒயருக்கு ஒரு 20 சேத்துக்கோங்க. மொத்தம் 450.

கணக்குப் போடுங்க. 550 மில்லிஹென்றி, 450 பிகோஃபாரட்: ரெசனன்ஸ் 10.1 கிலோஹெர்ட்ஸ். 47 கிலோ ஓம் லோடுக்கு க்யூ 1.34. எல்டிஸ்பைஸ்ல வரைஞ்சா 5 கிலோஹெர்ட்ஸ்லயே 1.5 டெசிபல் ஏறியிருக்கு, 8.6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் உச்சி. அதுக்கப்புறம் மலைச்சரிவுதான். 15-ல நாலு டெசிபல் கீழ, 20-ல பத்து டெசிபல் கீழ. நிஜக் காயில்ல கோர் லாஸ் இருக்கும், ஊசிக்கும் தனியா மெக்கானிக்கல் ரெசனன்ஸ் இருக்கும், அதனால நிஜ வளைகோடு கொஞ்சம் மாறும். ஆனா போற போக்கு இதுதான்.

இப்ப பெரியப்பாவோட காதை இதுமேல வெச்சுப் பாருங்க. ஏறியிருக்கற பகுதி முழுக்க 5-லேருந்து 9 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும். 'ச', 'ஷ', 'ஸ' எல்லாம் குடியிருக்கற தெரு அது. அவருக்கு நல்லாக் கேக்கற தெருவும் அதுதான். இறங்கியிருக்கற பகுதி 12-க்கு மேல. அது அவருக்கு ஏற்கெனவே கேக்காது. எனக்குக் குத்தலோட சேத்து மேல ஒரு மங்கலும் கேட்டது. அவருக்கு வெறும் குத்தல் மட்டும்தான் மிச்சம். காது போயிடுச்சுன்னு நினைச்ச மனுஷன் சொன்னது அத்தனையும் துல்லியமான ரிப்போர்ட்!

அந்த ஆம்ப்ளிஃபயரைத் திட்டாதீங்க. அது அந்தக் காலத்துக்குச் சரியாத்தான் செஞ்சிருக்காங்க. ஷூர் சில மாடல்களுக்கு 400-லேருந்து 500 பிகோஃபாரட் வரைக்கும் கேட்டிருக்காங்க. அந்தக் கார்ட்ரிட்ஜ்கள்ல ஊசியோட ரெஸ்பான்ஸ் மேல போகப்போக விழும். அதை இந்த எலெக்ட்ரிக்கல் ரெசனன்ஸ் தூக்கிவிடும். ரெண்டும் சேந்தாத்தான் நேர்கோடு. பழைய கார்ட்ரிட்ஜ் இருந்தப்போ நீளக் கேபிளும் 220-ம் அவருக்கு உதவி பண்ணிக்கிட்டு இருந்தது. கார்ட்ரிட்ஜ் மட்டும் மாறிச்சு, வீட்டுல வேற யாருக்கும் விஷயம் தெரியலை. புதுசா வந்தவருக்கும் பழைய அளவுலயே சாப்பாடு பரிமாறின கதை.

துபாய்ல இருக்கற அண்ணன் இதுக்கு நடுவுல ஃபோன்ல ஒரு யோசனை சொன்னான். "பேசாம மூவிங் காயில் வாங்கிடு, டெனான் டிஎல்-103 சூப்பர்." அது சூப்பர்தான், மறுக்கலை. 1960-கள்ல ஜப்பான் ஒலிபரப்பு நிறுவனம் என்எச்கே-வுக்காக உருவானது, இன்னும் தயாரிக்கறாங்க. அதுல காந்தம் நிக்கும், காயில் ஆடும். ஆடணும்ங்கறதால காயில் ரொம்பக் குட்டி, இன்டக்டன்ஸ் கிட்டத்தட்ட இல்லைன்னே வெச்சுக்கலாம். அதனால 450 பிகோஃபாரட் அதை ஒண்ணும் பண்ணாது. ஆனா அவுட்புட் 0.3 மில்லிவோல்ட். இந்த ஆம்ப்ளிஃபயர் 100 மடங்கு பெருக்கினா 30 மில்லிவோல்ட்தான் வரும். வால்யூமை முழுசாத் திருப்பினாலும் பாட்டைவிட 'உஸ்'ஸுன்னு இரைச்சல்தான் முன்னாடி நிக்கும். 60 டெசிபல் கெயின் வேணும், 47 கிலோ ஓமுக்குப் பதிலா 100 ஓம் கணக்குல லோடு வேணும். அதாவது புது ப்ரீஆம்ப்போ ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரோ வாங்கணும். தலைகீழாப் பண்ணினாலும் கஷ்டம். 60 டெசிபல் வாசல்ல 4 மில்லிவோல்ட் கார்ட்ரிட்ஜைச் சொருகினா, சத்தமான இடத்துல ப்ரீஆம்ப் மண்டை இடிச்சு கிளிப் ஆகும். டோன்ஆர்ம் எடைக்கும் ஊசியோட வளையும் தன்மைக்கும் ஒரு பொருத்தம் பாக்கணும், அது 8-லேருந்து 12 ஹெர்ட்ஸுக்குள்ள விழணும். அது தனிக் கட்டுரை, நாலாவது வருஷம் மெக்கானிக்கல்ல யாராவது எழுதட்டும்.

நான் பண்ணின வேலை சின்னதுதான். ஆம்ப்ளிஃபயர் பிளக்கைப் பிடுங்கி ஒரு ராத்திரி அப்படியே விட்டேன். ஃபில்டர் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், மீட்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் கை வைக்கணும். ரெண்டு 220-ஐயும் எடுத்துட்டு 47 பிகோஃபாரட் போட்டேன். மொத்தமா எடுத்துடலாம்தான், ஆனா மொபைல் டவர் பக்கத்துல இருக்கற வீடு, ரேடியோ சிக்னல் உள்ள வராம இருக்க வாசல்ல ஏதாவது இருக்கறது நல்லது. டர்ன்டேபிளை டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்துல நகர்த்தி, 1 மீட்டர் நல்ல கேபிள். அளந்தப்போ 75. எல்லாம் கூட்டினா 140, 150. இந்தக் கணக்குக்கு ரெசனன்ஸ் 17.5 கிலோஹெர்ட்ஸ், க்யூ 0.78. பட்டர்வொர்த் ஃபில்டருக்கு 0.707-ன்னு படிச்சோமே, கிட்டத்தட்ட அது. வளைகோடு மேல வரைக்கும் தட்டையாப் போய் மெதுவா இறங்குது. எல்லாம் சேத்து 600 ரூபாய்க்குள்ள முடிஞ்சது. டர்ன்டேபிளை நகர்த்த பெரியம்மா சம்மதிச்சதுதான் பெரிய செலவு, அவங்க பூஜாடி இடம் மாறிச்சு.

ஆனா "நம்ம பொண்ணு சரி பண்ணியிருக்கு"ங்கற பாசத்துலயே காது நல்லா இருக்குன்னு சொல்லிடும். அதனால ஒரு டெஸ்ட் வெச்சேன். ரெண்டு ஆர்சிஏ பிளக்ல 330 பிகோஃபாரட் கெப்பாசிட்டரை வெச்சு சோல்டர் பண்ணினேன். ஒய்-அடாப்டர்ல அதைச் சொருகினா கிட்டத்தட்ட பழைய நிலைமை, எடுத்தா புது நிலைமை. பெரியப்பா சுவரைப் பாத்து உக்காந்தார். நான் காசு சுண்டி, வால்யூமை இறக்கி, சொருகியோ எடுத்தோ ஒரே ரெக்கார்டோட ஒரே இடத்தைப் போட்டேன். எடுக்கற தடவையும் சொருகற சத்தம் கேக்கற மாதிரி சும்மா ஒருமுறை தட்டிட்டுத்தான் போட்டேன். அவர் "குத்துது", "குத்தலை"ன்னு மட்டும் சொல்லணும். பத்துல ஒன்பது சரி. அந்த ஒண்ணும் குக்கர் விசில் வந்த நேரம்னு அவர் இன்னும் வாதாடறார். மார்க் ஷீட்டை அவரே எடுத்துப் பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம் பெரியம்மாவைக் கூப்பிட்டு, "இங்க பாரு, யாருக்குக் காது போச்சு?"ன்னார்.

பழைய ரெக்கார்டுக்காரருக்கு அன்னிக்கு ராத்திரியே ஃபோன் போச்சு. அதுக்காக எல்லாம் சரியாயிடுச்சுன்னு இல்லை. ரெண்டு நாதஸ்வர இபி நிஜமாவே தேஞ்சிருக்கு, அந்தக் கரகரப்பு எந்தக் கெப்பாசிட்டருக்கும் போகாது. வலது சேனல்ல கொஞ்சம் ஹம் இருக்கு, எர்த் ஒயரைப் பாக்கணும். நெட்ல கிடைக்காத ரெக்கார்டுகளை கம்ப்யூட்டர்ல ஏத்தி வெக்கற வேலையை வாரத்துக்கு ரெண்டா ஆரம்பிச்சிருக்கோம். இதை முன்னாடியே செஞ்சிருந்தா அந்த 3 டெசிபல் உச்சியும் ஃபைலுக்குள்ள போய் உக்காந்திருக்கும். இதுவரைக்கும் 11 முடிஞ்சிருக்கு. வில்லுப்பாட்டு ரெக்கார்டுல யார் உடுக்கை வாசிக்கறாங்கன்னு கவர்ல போடலை. பெரியப்பா ஊர்ல விசாரிச்சுக்கிட்டு இருக்கார்.

உங்க வீட்டுப் பரண்லயும் டர்ன்டேபிள் இருந்து, குத்துது, மங்கலா இருக்குன்னு யாராவது சொன்னா, முதல்ல கார்ட்ரிட்ஜ் மேல எழுதியிருக்கற பேரைப் படிங்க. அதோட இன்டக்டன்ஸும் கேக்கற கெப்பாசிட்டன்ஸும் தயாரிப்பாளர் தர்ற ஸ்பெக்ல இருக்கும். அப்புறம் கேபிளைக் கழட்டி காலேஜுக்கு எடுத்துட்டு வாங்க. எல்சிஆர் மீட்டர் சர்க்யூட்ஸ் லேப்ல ரெண்டாவது பீரோவுல இருக்கு, மூணு மணிக்கு மேல கேட்டா அண்ணன் எடுத்துத் தருவார். ரெகார்ட் நோட்டைக் கையோட கொண்டு போங்க, இல்லேன்னா தரமாட்டார்.